அமாவாசையன்று கேட்காத சத்தம்

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் பார்த்தெழுதக் கூடாதென்று, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தபடியேதான் மனக்கணக்குக் கேட்பேன். கோமதிக்கு எப்போதும் பூஜ்யம். “மந்தம்” என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, படிப்பை நிறுத்தச் சொல்லவே பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போனேன்.

அன்று அமாவாசை, நெசவுக்கு விடுமுறை. வீட்டிலிருந்த நான்கு தறிகளும் சும்மா நின்றன. அப்போதும் அவள் அம்மா கையை ஆட்டித்தான் மகளைக் கூப்பிட்டார்.

“தறிதான் ஓடலையே, வாய் திறந்து கூப்பிடக்கூடாதா?”

“தறி சத்தத்துல எல்லாரும் ஜாடையிலயே பேசிக்கினு இருப்போம் டீச்சரம்மா. இவளுக்கு அதே பழகிப்போச்சு.”

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கோமதிக்குப் பின்னால் போய்ப் அங்கிருந்த ஒரு பித்தளைத் தட்டைத் தரையில் போட்டேன். அம்மா துள்ளி எழுந்தார். கோமதி திரும்பவேயில்லை!

ஓடிப்போய் அவளெதிரே உட்கார்ந்தேன். வகுப்பில் கேட்ட அதே பத்துக் கணக்குகளை முகம் பார்த்துக் கேட்டேன். என் உதட்டையே பார்த்தவள் பத்துக்கும் சரியான விடை சொன்னாள். பத்துக்கும்!

“அய்யோ, இத்தினி நாளா எங்களுக்கே தெரியலையேம்மா!” என்று அம்மா அழுதார். எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

“மந்தம்” என்றெழுதிய தாளை அங்கேயே கிழித்தேன். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு எதிரே நின்றுதான் கணக்குக் கேட்கிறேன். பார்த்தெழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும்!