ஒரு சாண் வலது பக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே குச்சி கிடையாது. கொஞ்சம் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு எஃகுத் துண்டு, அவ்வளவுதான். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது. மேல்பக்கம் வளைவாக அரம் போட்டு, அடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. லேத்துப் பட்டறைக்காரன் வீட்டில் இப்படி ஆயிரம் துண்டு துணுக்கு கிடக்கும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது மகள் ஒரு தடவை இதைக் குப்பையில் கொட்டப் போனாள். பிடுங்கி வைத்துக்கொண்டேன். அப்படி என்னப்பா இதில் இருக்கிறது என்று கேட்டாள். சும்மா கிடக்கட்டும் என்று மழுப்பினேன். இப்போது எழுதுகிறேன் என்றால், வாயால் சொல்லத் துப்பில்லாமல்தான் எழுதுகிறேன்.

அது ஒரு சின்ன ரிவால்வரின் குறித்தகடு. குழலின் நுனியில், சேவல் கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அது. பின்பக்கம் உள்ள பள்ளத்தின் நடுவில் இந்தத் தகடு தெரிகிற மாதிரி பிடித்துத்தான் குறி பார்ப்பார்கள். தகடு துளி விலகி நின்றாலும் குண்டு போகிற இடம் வெகுவாக மாறிவிடும். தகடு இடது பக்கம் சாய்ந்தால் குண்டு வலது பக்கம் போகும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. செய்யும்போது ஒரு மண்ணும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் எனக்கு ஒரு லேத்துப் பட்டறை இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் மெஷின்களில் எந்தப் பல் உடைந்தாலும், எந்த அச்சு தேய்ந்தாலும் என்னிடம்தான் வரும். அதனால் எனக்கு மண்டைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. என்னிடம் வழக்கமாக வேலை கொடுக்கிற முதலாளி ஒருவர் லைசென்ஸ் வாங்கி ரிவால்வர் வைத்திருந்தார். அவர் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அவருக்காக அதைக் கொண்டுபோகிற ஆள் என்று லைசென்ஸில் பெயர் எழுதியிருந்த ஹவில்தார்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு காரின் முன் சீட்டில் உட்கார்ந்து வருவார்.

ஹவில்தாருக்கு நாகலாபுரம் பக்கம். பட்டாளத்திலிருந்து வந்து ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். முதலாளி ஆபீசுக்குள் இருக்கிற நேரமெல்லாம் என் பட்டறை ஸ்டூலில்தான் இருப்பு. அவருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். "தம்பி, உன் போர்டு கெழக்காம ஒரு வெரக்கடை எறங்கியிருக்கு" என்பார். டேப்பை வைத்து அளந்தால் அப்படியே இருக்கும். பஸ் திருப்பத்தில் புள்ளியாகத் தெரியும்போதே விளாத்திகுளமா எட்டயபுரமா என்று சொல்லிவிடுவார். டீக்கடையில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். நிலபுலன் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கண்ணை நம்பித்தான் இருந்தார்.

விஜயதசமிக்கு எல்லோரும் அவரவர் ஆயுதத்தை எடுத்து முதல் வேலை தொடங்குவோம் இல்லையா, முதலாளி ரிவால்வருக்கும் அந்த வழக்கத்தை வைத்திருந்தார். பசுவந்தனை பக்கம் அவருடைய கரிசல் காட்டை ஒட்டி ஒரு கண்மாய். கண்மாய்க் கரையைக் குடைந்து அதில் ஒரு பானையை வைப்பார்கள். இருபது தப்படி தள்ளி நின்று ஹவில்தார் சுடுவார். வருடா வருடம் முதல் குண்டிலேயே பானை சிதறும். சிதறினால் அந்த வருடம் வியாபாரம் நன்றாக இருக்கும் என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது, பீரோக் கதவிடுக்கில் ரிவால்வரை வைத்து நசுக்கி, குறித்தகட்டை முதலாளி ஒடித்துவிட்டார். மதுரையில் லைசென்ஸ் உள்ள கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஹவில்தார் சொன்னார். எழுத்து வேலைக்குச் சோம்பல்பட்டு முதலாளி என் முகத்தைப் பார்த்தார். அனுமதி இல்லாதவன் அதில் கை வைத்தால் கேஸ் என்று எனக்கும் தெரியும். "தம்பி நல்ல வேலைக்காரந்தான் முதலாளி. ஆனா இது வேற வேலை" என்றார் ஹவில்தார். அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. போர்டு கோணல், மேசை கோணல் என்று அவர் சொன்னதெல்லாம் சேர்ந்து அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. இதுவும் இரும்புதானே, பூஜைக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

தகடு செய்தது நன்றாகத்தான் செய்தேன். ஒடிந்த பழைய அடித்துண்டை எடுக்கும்போதுதான் துரப்பணம் வழுக்கி, தகடு உட்காருகிற காடி ஒரு பக்கம் அகன்றுவிட்டது. இண்டு இடுக்கில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகி, ஊசியை அறைந்து நிறுத்தினேன். அதற்குள் ஆயுதபூஜை. வீட்டுக்காரி பொரியும் சுண்டலும் வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லேத்துக்கு, அரத்துக்கு, சுத்தியலுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம், ரிவால்வருக்கும் வைத்தோம். விழுந்து கும்பிட்டு நிமிரும்போது, விளக்கு வெளிச்சத்துக்கு நேராக அது என் கண்ணில் பட்டது. தகடு இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு நூலில் பாதிகூட இருக்காது. ஆனால் சாய்வு சாய்வுதான்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. அரத்தை எடுக்க முடியாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம், ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மறுபூஜை சூடம் அணையும் முன்னே முதலாளியின் அம்பாசிடர் வாசலில் வந்து நின்றது. ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். முன் சீட்டில் ஹவில்தார் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகட்டின் மேல் சந்தனம் அப்பியிருந்தது. அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் காரில் ஏறினேன்.

கண்மாயில் முதலாளியின் கூட்டாளிகள் மூன்று நாலு பேர் வந்திருந்தார்கள். முதலாளியின் மகனும் வந்திருந்தார். கிழவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய, யூனிபார்ம் போட்ட ஆளாக ஒருத்தரை ஏற்பாடு செய்யலாம் என்று அவர் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதலாளி எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, பானை உடைந்தால் ஹவில்தாரே இருக்கட்டும், உடையாவிட்டால் உன் இஷ்டம் என்று மகனிடம் சொல்லிவிட்டார். ஹவில்தாரும் சிரித்தார்.

துண்டு நுனியால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, கையை நீட்டிக் குறி பார்த்தார். பிறகு கையை இறக்கி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தகடு ஒரு ஓரமா சாஞ்ச மாதிரி எனக்குத் தெரியுது. நேராத்தான இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நேராத்தான் இருக்கு அண்ணாச்சி. ஸ்கேல் வச்சுப் பாத்துத்தான் மாட்டுனேன்."

ஸ்கேல் வைத்தேன் என்று நான் ஏன் சொன்னேனோ. அதை யாரும் கேட்கவே இல்லை. அவர் கண்ணைத் துண்டால் ஒத்திக்கொண்டார். மறுபடியும் கையை நீட்டினார். முதல் குண்டுக்குப் பானை அப்படியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை வெகு நேரம் பார்த்துச் சுட்டார். கரையில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்ததுதான் மிச்சம்.

பானையை எடுத்து வரச் சொல்லி முதலாளி என்னைத்தான் அனுப்பினார். கிட்டப் போய்ப் பார்த்தேன். பானைக்கு வலது பக்கம், ஒரு சாண் தள்ளி, கரை மண்ணில் நாலு ஓட்டை. நாலையும் என் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். கண் போனவன் சுட்டால் நாலு குண்டும் நாலு திசைக்குப் போகும். இதைப் பார்க்கிற எந்த மடையனுக்கும் கோளாறு கண்ணில் இல்லை, தகட்டில்தான் என்று தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. பின்னால் முதலாளியின் மகன் கரையேறி வருகிற சத்தம் கேட்டது. நான் செருப்புக் காலால் அந்த மண்ணைத் தேய்த்துவிட்டேன். காய்ந்த கரிசல் மண், பொலபொலவென்று உதிர்ந்து ஓட்டைகளை மூடிக்கொண்டது.

பானையோடு நான் திரும்பி வரும்போது ஹவில்தார் ரிவால்வரை இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "கண்ணு போச்சு முதலாளி. நேரா இருக்கிறதே கோணலாத் தெரியுது. இனிமே நான் இதைத் தொடப்பிடாது" என்றார். நான் அந்தப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். 

அடுத்த வாரமே எண்ணெய் போட வேண்டும் என்று பொய் சொல்லி ரிவால்வரை வாங்கி, காடியைச் சரி செய்து, புதுத் தகட்டை நிமிர்த்தி மாட்டிக் கொடுத்தேன். இந்த முறை நிஜமாகவே ஸ்கேல் வைத்தேன். கோணல் தகட்டைத் தூக்கிப் போட மனசில்லாமல் தீப்பெட்டியில் வைத்தேன். லைசென்ஸில் பெயர் மாறிவிட்டது. ஹவில்தார் டீக்கடையில் பஸ் பெயர் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

பிறகு அவர் மணியாச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆறேழு வருடம் கழித்துத்தான் போய்ப் பார்க்கிற தைரியம் வந்தது. தடித்த கண்ணாடி போட்டிருந்தார். டோக்கனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண் முகாமில் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னாராம். இவர் நம்பவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், நாலு குண்டு சுட்டுப் பார்த்தவன் நானல்லவா என்று சொல்லிவிட்டு, ரயிலில் விற்றவனிடம் தானாக ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அதை மாட்டிய பிறகு தலைவலி விட்டதே இல்லை என்றார்.

நான் தீப்பெட்டியைத் திறந்து அவர் கையில் வைத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன், காடி அகன்றது, பூஜை, ஸ்கேல் வைத்ததாகச் சொன்ன பொய். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?"

"எடது பக்கம் அண்ணாச்சி."

தகட்டை இடது பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். "அப்படின்னா நாலும் வலப்பக்கம் ஒண்ணாப் போயி விழுந்திருக்கணுமே. நீதான பானைய எடுக்கப் போன? பாத்தியா தம்பி?"

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்லுவேன். ஆறேழு வருடம் கழித்து அந்த மனுஷன் கேட்டது அது ஒன்றுதான். அவருக்கு வேலை வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம். அந்த நாலு ஓட்டை வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயிலேறிப் போனேன். ஆனால் என் வாயில் வந்தது, "பாக்கலை அண்ணாச்சி."

"சரி, விடு. நானாவது ஏறிப் போயிப் பாத்திருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டு, தகட்டைத் தீப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். யாரோ சைக்கிள் எடுக்க வந்தார்கள். அவர் எழுந்தபோது, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

இப்போது அவர் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தீப்பெட்டி திறந்துதான் இருக்கிறது. செருப்பால் தேய்த்த மண்ணை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. கேட்ட கேள்விக்குப் பதிலை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாத்தேன் அண்ணாச்சி. வலது பக்கம், ஒரு சாண் தள்ளி, நாலும் ஒரு உள்ளங்கைக்குள்ளதான் இருந்துச்சு.