வெறுங்காணி என்று எழுதியவன்

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கர். இருபத்திரண்டு வருடமாகக் காணிக் கோப்புகள் என் கையில்தான். எங்கே தேயிலை நிற்கிறது, எங்கே மானாப் புல் மண்டிக் கிடக்கிறது, எந்த ஓடை எந்த மலைக்கு எல்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

மண் அரசாங்கத்துடையது. கம்பனி அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. அதிலேயே பிறந்து கொழுந்து பறித்துச் சாகிற எங்கள் ஆட்களுக்கு, படுத்து எழும்புகிற ஒற்றை அறைக் காம்பராகூடச் சொந்தமில்லை.

என் அக்கா லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் இருக்கிறாள். அத்தான் இறந்து, மகளும் கல்யாணமாகி மஸ்கெலியாவுக்குப் போன பிறகு தனியாள். லயத்துக்குப் பின்னால் மலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அடைமழை என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பாள். ஓடைக்கு மேலே தேயிலை செத்துப்போன மேடு ஒன்று உண்டு. அங்கே பத்து வருடமாகப் போஞ்சி, லீக்ஸ் என்று மரக்கறி போட்டு வந்தாள். எழுத்தில் அனுமதி கிடையாது. இங்கே யாரும் அப்படி வாங்கியதும் கிடையாது. “ஒரு வீடு கட்டுனா இங்கதான் தம்பி. இந்த மண்ணு எறங்காது” என்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். நான் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவதற்காகப் பதினைந்து வயதில் கூடையைத் தூக்கியவள், வேறு எதையும் யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் தோட்டங்களில் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாளே சேதி லயத்துக்கு வந்துவிடும். கொடியைப் பிடுங்கு, மாட்டை அடுத்த மலைக்கு ஓட்டு, பாத்தியை மிதித்துத் தட்டையாக்கு. அவர்கள் போன பிறகு மறுபடி நட்டுக்கொள்ளலாம். சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்து நானே முட்டைக்கோவாவைச் சாக்கில் கட்டி ஒளித்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாதவர்கள் மாதிரி நிற்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

போன வருடம் ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பனியும் அரசாங்கமும் சேர்ந்து, தேயிலை இல்லாத காணிகளை நடந்து பார்க்கப் போகிறார்கள். ஒரு பகுதி தொழிலாளிகளின் வீடுகளுக்கு, மிச்சம் சுற்றுலாக் குடில் கட்டுகிற முதலாளி ஒருவருக்கு. முதல் பக்கத்திலேயே ‘அனுமதியின்றிப் பயிர் செய்யப்பட்ட இடங்களை அடையாளம் காணல்’ என்று இருந்தது. அக்காவின் மேடுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. பின்னால் கோர்த்திருந்த சிங்கள இணைப்பை நான் புரட்டவில்லை. சிங்களம் எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். அவசரம், பயம்; வேறு சாக்கு என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடினேன். மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை. விஷயம் வெளியே போனால் என் வேலைக்கு ஆபத்து, அக்கா தப்பித்தால் போதும் என்று நினைத்தேன். போஞ்சி பிஞ்சு விட்டிருக்கிறது, இன்னும் ஒரு கிழமை பொறுத்தால் ஆயலாம் என்றாள். நாளைக் காலையில் வருகிறார்கள், கேட்டால் சும்மா கிடக்கிற இடம் என்று சொல்லிவிடு என்று அவசரப்படுத்தினேன். இருட்டுவதற்குள் இரண்டு பேருமாகப் பிடுங்கி முடித்தோம்.

மறுநாள் பிரதேச செயலக அதிகாரி, நில அளவையாளர், தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரை, காணி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நான். சேதி போகாததால் முதல் பாத்தியில் கோவா அப்படியே நின்றது. அதிகாரி சத்தம் போடுவார் என்று பார்த்தால், அவர் பயிர்க்காரரின் பெயரையும் எத்தனை வருடமாகச் செய்கிறார் என்பதையும் கேட்டுப் பட்டியலில் எழுதி, போட்டோவும் எடுத்துக்கொண்டார். துரையும் தலையாட்டினார். மூன்றாவது பாத்தியில்தான் எனக்கு விளங்கியது. பயிர் நிற்கிறவருக்கு அந்த இடத்திலேயே வீட்டுக்காணி. நான் புரட்டாத பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது ஓடை மேடு. அக்கா நாங்கள் விட்டுவந்ததற்கு மேலும் வேலை செய்திருந்தாள். மண்ணை வாரி மட்டமாக்கி, மேலே காய்ந்த மானாப் புல்லையும் பரப்பி, வழிப்போக்கி மாதிரி ஓரமாக நின்றாள். இங்கே யாராவது பயிர் செய்கிறார்களா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அதைத் தமிழில் சொல்வது என் வேலை. சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லைங்க ஐயா. சும்மா கெடக்குற எடம்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். துரை பக்கத்தில் நின்றார். சேதியை வெளியே சொன்னது யார் என்று கேட்பார். அந்த ஒரு நிமிடக் கோழைத்தனத்துக்காக நான் செத்தாலும் எனக்கு மன்னிப்பில்லை. அக்கா சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். என் கையாலேயே வெறுங்காணி என்று எழுதினேன். கம்பனிப் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

பிறகு ரோசம் வந்து என்ன பயன்? நாலு நாள் கழித்துத் துரையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனித் தன் கையில் இல்லை என்றார். பிரதேச செயலகத்துக்கு மூன்று தடவை போனேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெறும் மேட்டின் போட்டோவையும் என் எழுத்தையும் எனக்கே காட்டினார். அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

இப்போது மற்றவர்களின் காணிகளில் அத்திவாரம் வெட்டுகிறார்கள். ஓடை மேட்டைக் குடில்காரர்கள் கம்பி அடித்து மறித்துவிட்டார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பள்ளிக்கூட விறாந்தையில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“அவங்க திரும்ப வருவாங்களா தம்பி? வந்தா முன்னமே சொல்லு. இந்தத் தடவ நான் புடுங்க மாட்டேன்.”

இனி வரமாட்டார்கள். கோப்பை மூடிக் கட்டியவனே நான்தான்.

வருவாங்க அக்கா என்றேன்.