அறுபத்திரண்டு வீடுகள்

அடையாற்றில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் காலையில் ஒரு குழு கூடும். ஆற்றைக் காப்பாற்றுவதற்கான குழு. அப்பாவின் தம்பியான சித்தப்பாதான் அதன் செயலாளர். வங்கி ஊழியர்கள் இரண்டு பேர், ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், அவருடைய மனைவி. யாரும் எதையும் எதிர்பார்த்து வரவில்லை. பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார்கள். சொந்தக் கையால் சுவரொட்டி எழுதினார்கள். ஒரு பக்கம் எழுதிய தாள்களையெல்லாம் சேர்த்து மைதாப் பசை தடவிக் கவர்களாக ஒட்டி, பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக இதைக் கொடுங்கள் என்று மளிகைக் கடைகளில் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆற்றை யார் யார் அசுத்தம் செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க அந்த வருடம் குழு முடிவு செய்தது. கரையோரக் குடிசைகளிலிருந்து ஆரம்பிப்பது என்றார் பேராசிரியர். எங்கள் கட்டடத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. படிவம் தயாரானது. வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், ஆற்றில் என்ன கொட்டுகிறார்கள்.

குடிசைப் பகுதிக்கு எங்களை அழைத்துப் போனது கன்னியம்மா அக்கா. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, பள்ளிக்குப் போகுமுன் எனக்கு இரட்டைப் பின்னலும் போட்டுவிடுகிறவள். அவள் வீடும் அந்தக் கரையில்தான். அவள் முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும், "வூட்டுக்காரங்க பேரு சொல்லு, பாப்பா எழுதிக்கினு போவுது" என்பாள். எழுதுவது என்றாலே ஏதோ கொடுக்கப்போகிறார்கள் என்று அங்கே அர்த்தம். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னாத்துக்கு சார் எழுதுறீங்க?" என்றார் மீன்பாடி வண்டி ஓட்டுகிற ஒருவர்.

"ஆத்தைக் காப்பாத்தறதுக்குங்க" என்றார் சித்தப்பா.

"ஆத்துக்கு ரேஷன் கார்டு வாங்கித் தரப்போறாங்கடா, நைனா" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் யாரும் விலகிப் போகவில்லை. வேலைக்குப் போயிருந்தவர்களின் பெயரைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். கன்னியம்மா தன் பெயரை முப்பத்தொன்றாவதாகச் சொன்னாள். புருஷன் இல்லை, மகன்கள் இரண்டு பேர். நான் எழுதியதும் குனிந்து பார்த்து, "இதான் என் பேரா? நல்லாத்தான் கீது" என்றாள்.

மொத்தம் அறுபத்து மூன்று வீடுகள்.

அன்று மாலை சித்தப்பா கோடு போட்ட பெரிய தாள்களைத் தந்து, நல்லபடியாக நகலெடுக்கச் சொன்னார். மேலே தலைப்பை அவரே எழுதியிருந்தார்: ஆற்றை மாசுபடுத்துவோர். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முப்பது வரை வந்தேன். அடுத்தது கன்னியம்மா. அவள் துலக்கிய பாத்திரத்தில் முகம் தெரியும். ஈரத் தரையில் நான் கால் வைத்தால் அம்மாவைவிட அதிகமாகத் திட்டுவாள். அவளைப் போய் இந்தத் தலைப்புக்குக் கீழே எப்படி எழுதுவது? நான் எழுதவில்லை. எண் விட்டுப்போனால் தெரிந்துவிடுமே என்று முப்பத்திரண்டை முப்பத்தொன்றாக்கி, கடைசிவரை எல்லாவற்றையும் ஒவ்வொன்று குறைத்தேன். முடிவில் மொத்தம் அறுபத்திரண்டு. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாத பட்டியல். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பேராசிரியர் என் கன்னத்தைத் தட்டினார்.

பயிற்சி பெற்ற தொண்டர்கள் தயாரித்தது என்று ஒரு முகப்புக் கடிதம் வைத்து, அதை ஓர் அதிகாரியிடம் கொடுத்தார்கள். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கரையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வெளியே வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு பட்டியல் வேண்டுமே. மறுபடி வெயிலில் அலைய அதிகாரிகள் யாருக்கும் பொறுமை இல்லை. கையில் எங்களுடையது இருந்தது.

பள்ளி விடுமுறை நாள் அது. கன்னியம்மா வேலைக்கு வருகிற நேரம் தாண்டி வந்தாள். கூடத்துக்குள் வராமல் கதவருகே நின்றாள்.

"எல்லாருக்கும் டோக்கன் குடுத்துட்டாங்க சார். எம்பேரு லிஸ்ட்டுல இல்லியாம். நீங்க எழுதினதுன்றாங்க."

"இருக்குமே. நாமதானே நேர்ல வந்து எழுதிண்டோம்" என்று சித்தப்பா பீரோவைத் திறந்து பட்டியலின் பிரதியை எடுத்தார். விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். மறுபடி மேலிருந்து இறங்கினார். பிறகு அன்று எழுதிய படிவங்களைத் தேடினார். ஒரு பக்கம் எழுதிய தாள்கள் அவை. எப்போதோ கவர்களாகி, கடலையோ மிளகாயோ சுமந்துகொண்டு போயிருந்தன.

"நாள் இருக்குது சார், நாளான்னிக்கு வரைக்கும். ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் அக்கா உங்களை எடுத்துட்டேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் அழுக்கே பண்ண மாட்டீங்களே" என்றேன்.

சித்தப்பா தாளை மடித்தார். பிரித்தார். குழந்தை எழுதியது என்று தெரிந்தால் குழுவை யார் நம்புவார்கள், மீதிப் பேரின் டோக்கனையும் நிறுத்திவிடுவார்களே என்றெல்லாம் அவர் அப்பாவிடம் சொன்னதைப் பிறகு கேட்டேன். கன்னியம்மாவிடம் சொன்னது, "பேசிப் பாக்கறேன்மா" என்பது மட்டும்தான். அவர் பேசவில்லை. கடிதமும் எழுதவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நான் நினைக்கவே இல்லை, திட்ட என்ன இருக்கிறது? "செரி பாப்பா" என்றாள். உள்ளே போய், தொட்டியில் கிடந்த பாத்திரங்களையெல்லாம் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரத்துக்குப் பிறகு வரவில்லை. புது இடத்துக்கு லாரிகளில் போனவர்களோடும் அவள் போகவில்லை என்று மட்டும் அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

எனக்கு அவள் மேல் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அந்த அறுபத்திரண்டு பேரோடு சேர்க்காமல் நான் காப்பாற்றியிருக்கிறேன், போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தேன்.