எலிக்கூடத்து அக்கா

எலி அறைக் கதவுக்கு முன்னால் நின்று வேண்டுமென்றே இரண்டு முறை தொண்டையைச் செருமிப் பார்க்கிறாள். கரகரப்பு இல்லை. பிறகுதான் முகமூடி, தொப்பி, கையுறை. லேசாக மூக்கு ஒழுகினாலும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டாள். "உள்ள இருக்கற எலிங்கள்ல பாதிக்கு நோய எதிர்த்து நிக்கச் சக்தியே கிடையாது. என் சளிய அதுங்க தலையில கட்டவா?"

ஆய்வுக்கூடம் முழுவதற்கும் அவள் அக்கா. இருநூறு கூண்டுச் சுண்டெலிகளுக்குத் தீனி, தண்ணீர், மரத்தூள் மாற்றுவது வேலை; மற்றதெல்லாம் காதில் விழுந்து சேர்ந்த அறிவு. ரத்தத்தில் சண்டைக்குப் போகிறவை டி செல்கள். நோயை எதிர்க்கும் புரதத்தைச் செய்கிறவை பி செல்கள். பிறவியிலேயே பி செல் இல்லாத எலிகளைப் பற்றி, "இதுங்க டி செல்லக் கண்டிக்க ஆளில்ல. சொந்தக் குடலையே வம்புக்கு இழுக்கும்" என்பாள். ஆய்வாளர்கள் இதையே பத்துப் பக்கம் எழுதுவார்கள்.

தனியாகிப்போன எலிக்குக் கூடு கட்டிக்கொள்ள டிஷ்யூ காகிதம் இரண்டு கூடுதலாகப் போடுகிற மனசு. அதுதான் அவளை மாட்டிவிட்டது. பி செல் இல்லாத ஒரு தாய், குட்டி போட்ட மறுநாளே செத்துப்போனது. ஆறு குட்டிகளையும் பக்கத்துக் கூண்டுச் சாதாரணத் தாயிடம் விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பசிக்குப் பால்தானே என்று நினைத்தாள்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து சோதனைக்குப் போயின. மூன்று வருடமாக இந்த ஆராய்ச்சியிலேயே கிடக்கும் இளம் ஆய்வாளர், அக்காவுக்கு 'டாக்டரம்மா', மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். பி செல் இல்லாத மற்ற எலிகளில் டி செல்கள் ஆட்டம் போட, அந்த ஆறில் மட்டும் சாதுவாக இருந்தன. மூன்று தரம் பார்த்தும் அதே.

"என் கையே சரியில்லக்கா. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

வாயைத் திறந்தால் அக்காவுக்கு வேலை போகலாம். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா மெல்ல நிமிர்ந்தாள். "பால் குடுத்த தாய்க்கு பி செல் உண்டா?"

"சாதாரண எலிதானே. உண்டு."

"அப்ப அந்தப் புரதம் பால் வழியாப் போயிருக்கு. அதுதான் குட்டிங்களோட டி செல்ல அடக்கி வெச்சிருக்கு." நோட்டை இழுத்துத் திறந்தாள். "அக்கா, இது பெரிய விஷயம். ஆனா நடந்ததை மேல எழுதிக் குடுக்கணும். உங்க பேரோட."

"குடுங்க, நானே எழுதறேன்."

பேனாவை வாங்கினாள். தன் பெயருக்கு முன்னால், பால் கொடுத்த அந்தத் தாயின் கூண்டு எண்ணை நிதானமாக எழுதினாள்.