ஆறாம் படுக்கைக்குப் போன டீ

எங்கள் வார்டு சிஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு. ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். காரத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. முப்பது படுக்கை கொண்ட ஆபரேஷன் வார்டு அவள் கையில் இருந்தது. காலையில் வந்ததுமே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். ஊசியும் மருந்தும் என்னைப் போன்ற நர்ஸ்களுக்கு. உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் ஆயாக்களுக்கு. "எல்லாத்தையும் நானே இழுத்துப் போட்டுக்கிட்டா அது சுறுசுறுப்பு இல்லடி, திமிர்" என்பாள்.

அவளுக்கும் ஒரு நாள் சறுக்கியது. ஒரு நோயாளிக்குத் தையல் பிரிந்து ரத்தம் கொட்ட, கடுகு அங்கே ஓடினாள். ஓடிக்கொண்டே, புதிதாகச் சேர்ந்திருந்த ஆயாவிடம், "ஆறாம் படுக்கைக்காரர் கத்திக்கிட்டே இருக்கார், என்ன கேக்குறாரோ கொடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கேட்டது டீயும் பிஸ்கட்டும். ஆயா சொல் தட்டாமல் வாங்கிக் கொடுத்தாள். அவருக்கோ அன்று குடலிறக்க ஆபரேஷன். வெறும் வயிறாக இருந்திருக்க வேண்டும். ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. டாக்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

மதியம் ஆஸ்பத்திரி மேலாளர் கடுகைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அறை மூலையில் ஆயா ஒடுங்கி நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

"ஒப்பந்த ஆள்தானே, இன்னியோட அனுப்பிடலாம்" என்றார் மேலாளர். "அவளாவே கொடுத்துட்டாள்னு எழுதிக் கொடுங்க சிஸ்டர். அடுத்து தலைமை நர்ஸ் ஆகப்போறவங்க நீங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

கடுகு உட்காரவில்லை. "நான் சொன்னதைத்தான் சார் அவ செஞ்சா. வாயில எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. வேலையைத்தான் அவகிட்ட கொடுத்தேன், பொறுப்பைக் கொடுக்கல. அது என் தலையிலதான் இருக்கு. மெமோவை என் பேருக்கே எழுதுங்க."

"அப்போ இனிமே ஆயாங்ககிட்ட எதையும் விடாதீங்க. எல்லாத்தையும் நீங்களே பாருங்க."

"மாட்டேன். முப்பது படுக்கை, எனக்கு ரெண்டு கை. பிரிச்சுக் கொடுத்தாத்தான் வார்டு நடக்கும். நாளைக்கும் கொடுப்பேன். இவகிட்டயே கொடுப்பேன்."

எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. மெமோ கடுகின் பெயருக்கே வந்தது. தலைமை நர்ஸ் பதவி போயே போச்சு என்று வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. போகட்டும், ஆயாவின் வேலை தப்பியது.

மறுநாள் காலை கடுகு அவளை அதே ஆறாம் படுக்கைக்கு அழைத்துப் போனாள். இந்த முறை நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"இன்னிக்கும் இவரை நீதான் பாத்துக்கணும். ஒரு வாய்த் தண்ணிகூடக் கூடாது. வயித்துல ஏதாவது இருந்தா, மயக்கத்துல அது மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிடும், உயிருக்கே ஆபத்து. சந்தேகம்னா நான் எந்த வேலையில இருந்தாலும் வந்து கூப்பிடு. சரி, அவர் கெஞ்சினா என்ன செய்வே?"

ஆயா நிமிர்ந்து நின்றாள். நேற்று மூலையில் நின்றவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"கெஞ்சட்டும் சிஸ்டர். மேலாளரே வந்து சொன்னாலும் கொடுக்க மாட்டேன்" என்றவள், கடுகை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களே ஓடிக்கிட்டே சொன்னாலும் கொடுக்க மாட்டேன்."