பந்திக்கு முன் ஒரு தட்டு

அரூர் பக்கம் கல்யாணம் வைப்பவர்களில் பலர் மண்டபத்தைப் பிடிப்பதற்கு முன்பே ஜெயபாலைப் பிடித்துவிடுவார்கள். இருபது வருடங்களாகக் கல்யாணச் சமையல். ஆயிரம் பேருக்கு சாம்பார் என்றாலும் எல்லா அண்டாவிலும் ருசி ஒன்றுபோல இருக்கும். எதை இறக்குவதற்கு முன்பும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடி ஒரு நொடி நிற்பார். அவர் தலையசைத்தால்தான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும்.

சமையல்காரர்கள் கடைசியில் சாப்பிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். கடைசிப் பந்தி எழுந்து, பாத்திரம் கழுவப் போன பிறகு மாலை நாலு மணிக்கு இலை விரிப்பார்கள். அதுவரை டீயும், ருசி பார்க்கிற சாக்கில் ஒரு பிடி கேசரியும், அரை டம்ளர் பாயசமும்தான் ஜெயபாலுக்கு ஆகாரம்.

நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் வடை எண்ணெய் காலில் தெறித்தது. எண்ணெய் தெறிப்பது அவருக்குப் புதிதல்ல. எப்போதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். இந்த முறை புண் ஆறவில்லை. உடம்பும் இளைத்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. மனைவி யுவராணி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் அவரை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் பிரியதர்ஷினி, "சுகர் நெறைய இருக்குங்க" என்றார்.

"எனக்கு எப்படிங்க வரும்? நான் இனிப்பே சாப்பிடறதில்லீங்களே. சும்மா ருசிதான் பாக்கறேன்."

"ஒரு கல்யாணத்துக்கு எத்தன வாட்டி ருசி பாப்பீங்க?"

ஜெயபால் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். இரண்டாவது கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி டாக்டர் சொன்ன பலவற்றில் அரிசியைக் குறைக்க வேண்டும் என்பது மட்டுந்தான் அவர் காதில் தங்கியது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "களி தின்னு. சுகரு தானா ஓடிப் போயிரும்." அன்றிலிருந்து மூன்று வேளையும் கேழ்வரகுக் களிதான். கீரைக் கடைசலில் முக்கி முக்கி, வேளைக்கு மூன்று உருண்டை. நல்லதுதானே என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் சர்க்கரை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது.

"களி எவ்வளவு பெருசு சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஜெயபால் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "களி நல்லதுதாங்க. ஆனா அதுவும் மாவுதான? ஒரு உருண்டை, அதுவும் சின்னதா. மிச்ச வயித்துக்குக் காய் சாப்பிடுங்க."

அந்தச் சிரிப்பு ஜெயபாலுக்குச் சுருக்கென்று தைத்தது. தின்றால்தானே வம்பு, தின்னாமலே இருந்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். யுவராணியிடம்கூடச் சொல்லவில்லை.

தை மாதத்தில் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. அன்று அரூரில் பெரிய கல்யாணம். ஜெயபால் காலையில் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். ஒரு கடுங்காப்பி குடித்தார், அவ்வளவுதான். பதினோரு மணி வாக்கில் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அடுப்புச் சூடு என்று நினைத்தார். காய் அரிந்துகொண்டிருந்த பாரதியைப் பார்த்து, "பீன்ஸ இப்படியா அரிவாங்க? கண்ணு எங்க இருக்குது?" என்று மண்டபமே அதிரக் கத்தினார். பாரதிக்கு முப்பது வயதிருக்கும். ஆறு வருடமாக அவருடைய குழுவில் இருப்பவள். அவர் யாரிடமும் கத்தி அவள் பார்த்ததில்லை. கையில் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த குள்ளம்மாள் எழுந்து வந்தாள். அவள் கணவர் சர்க்கரையோடு பல வருடம் வாழ்ந்தவர். ஜெயபாலின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தது.

"ஏம்பா, காலைல என்ன சாப்ட்ட?"

அவர் கரண்டியைப் பிடிக்கப் போனார். கரண்டி இருந்த இடத்தில் கை படவில்லை. குள்ளம்மாள் அவரைப் பிடித்து அரிசி மூட்டைமேல் உட்கார வைத்தாள். டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கலக்கி வாயருகே நீட்டினாள்.

"சக்கரயா? எனக்கா? அக்கா, எனக்கு..."

"தெரியும்பா. இப்ப இதத்தான் குடிக்கணும். குடி."

குடித்தார். பாரதி எங்கிருந்தோ இரண்டு இட்லி கொண்டு வந்தாள். அதையும் சாப்பிட்டு முடித்தபோது, பனி விலகியதுபோலக் கண் தெளிந்தது. எதிரே பாரதியின் முகம் தெரிந்தது. "கோவிச்சுக்காதம்மா" என்றார்.

குள்ளம்மாள் மூலம் விஷயம் தெரிந்த யுவராணியே மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. மாத்திரையை மாற்றி எழுதினார். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதை அவர் விளக்கியபோது, ஜெயபால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"நேரத்துக்குச் சாப்பிடணுங்க. தட்டுல பாதி காய், கீரை. கால் பங்கு சோறோ களியோ. மீதி பருப்பு, சுண்டல், முட்டை. வேலைக்குப் போற நாள்லயும் இப்படித்தான்."

"கல்யாண வூட்ல பந்தி முடியாம எப்படிங்க சாப்பிடறது?"

அதற்கு யுவராணிதான் பதில் சொன்னாள். "ஆயிரம் பேருக்கு நேரத்துக்குப் போடற மனுசன், உனக்கு ஒரு தட்டு போட்டுக்க முடியாதா மாமா?"

அடுத்த கல்யாணத்தில், முதல் பந்திக்கு முன்பே ஜெயபால் ஒரு தட்டை எடுத்தார். தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. "எல்லாரும் வாங்க" என்றார். அடுப்பைத் தணித்துவிட்டு அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னும் பந்தியே போடல, அதுக்குள்ள நீங்களா?" என்று முகம் சுளித்தார். ஜெயபாலுக்குக் காது சூடாயிற்று. ஆனாலும் எழவில்லை. "மாத்திர போடறேங்க. பத்து நிமிசந்தான். உங்க பந்தி ஒரு நிமிசம்கூடத் தாமதமாகாதுங்க" என்றார். தாமதமாகவும் இல்லை.

அதைவிடக் கடினமாக இருந்தது இனிப்பு. பாயசத்தை இறக்கும் நேரம் வந்தபோது, கை தானாகக் கரண்டிக்குப் போயிற்று. பழக்கம் அப்படி. கரண்டியைப் பாரதியிடம் நீட்டி, "நீ பாரும்மா" என்றார்.

அவள் தயங்கி ஒரு சொட்டு ருசித்தாள். "போதும்ணா."

"இன்னும் ரெண்டு கரண்டி சக்கர போடணுமே?"

"வேணாம்ணா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருசமாவே நம்ம பாயசம் தூக்கலாத்தான் இருக்குது. உங்ககிட்ட யாரு சொல்றது?"

ஜெயபால் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ருசி ருசி என்று தின்றே நாக்கு மரத்துப் போயிருந்திருக்கிறது. தன் நாக்கை நம்பித்தான் அரூரே கல்யாணம் நடத்துகிறது என்று இருந்தவருக்கு அது லேசான அடி இல்லை. ஆனால் அன்று பந்தியில் பாயசத்தை ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. பெண்ணின் அம்மா உள்ளே வந்து, "பாயசம் அளவா இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயபால் பாரதியைக் கை காட்டினார்.

கால் புண் மெல்ல ஆறித் தழும்பாயிற்று. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பத்துக்கு மேலிருந்து ஏழரைக்கு இறங்கியது. வேலையில்லாத மாலைகளில் யுவராணியோடு ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. தீபாவளிக்குக் கூடப்பிறந்த அக்கா வீட்டில் அதிரசத்தை ஒரு கை பார்த்துவிட்டார். அடுத்த பரிசோதனையில் அது தெரிந்துவிட்டது. முன்பு போலப் பட்டினி கிடக்கவில்லை. மறுவேளையிலிருந்து பழையபடி தட்டில் பாதிக்குக் காயை நிரப்பினார்.

குள்ளம்மாளின் வற்புறுத்தலில் குழுவில் மற்றவர்களும் ரத்தம் பரிசோதித்துக்கொண்டார்கள். பாத்திரம் கழுவும் மாதேஸுக்குச் சர்க்கரை ஆரம்ப நிலையில் இருந்தது. பயந்துபோய் வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜெயபால் கேட்ட முதல் கேள்வி, "காலைல சாப்ட்டியா?"

இப்போது பொம்மிடியில் ஒரு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். இனிப்பு வகைகள் மூன்று. மூன்றும் பாரதியின் பொறுப்பு. கேசரிக்கு நெய்யைக் குறைக்கலாமா என்று இருவரும் நேற்றெல்லாம் சண்டை போட்டார்கள், இன்னும் முடிவாகவில்லை.