நாற்பதாம் எண் பாட்டில்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் சோதனைச் சாவடியில் பதினொரு வருடமாக வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்குக் 'கறார்க்காரி' என்று பெயர். மேலே போகிறவர்களின் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலின் கழுத்திலும் எண் எழுதிய அட்டையைச் சிவப்பு நூலால் கட்டி அனுப்புவாள். இறங்கும்போது அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் தடுப்புக் கம்பு எழும்பாது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் கத்திப் பார்த்து, ஓய்ந்து, மறுபடி மலையேறியிருக்கிறார்கள்.

அன்று வசமாக மாட்டிக்கொண்டவன் அவளுடைய புது மருமகன். மகளோடு சுற்றிப் பார்க்கப் போனவன், நாற்பதாம் எண் பாட்டிலை மேலே ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்து நின்றான்.

"அம்மா, மானத்த வாங்காத. ஒரே ஒரு பாட்டில்தானே!" என்று மகள் கெஞ்சினாள்.

"மாப்பிள்ளைக்கு வீட்டுல ஒரு குறையும் வைக்க மாட்டேன். இங்க மட்டும் என்னக் கேக்காத."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருமகன் முகம் சிவக்க மலையேறினான்.

மூன்று மணி நேரம் கழித்து, எங்கோ கிடந்த கிழிந்த சாக்கை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து வந்தான். உள்ளே, இந்தச் சாவடியே இல்லாத காலத்தில் யார் யாரோ பாறை இடுக்குகளில் வீசிவிட்டுப் போன பாட்டில்கள், எழுபதுக்கு மேல் இருக்கும்.

"போதுமா அத்தை?" என்று மூச்சு வாங்கினான்.

கூட்டம் கைதட்டியது. அவளுக்கும் நெஞ்சு பூரித்துப்போனது. ஆனாலும் மூட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டி, நாற்பதாம் எண்ணைக் கண்டெடுத்த பிறகுதான் கம்பைத் தூக்கினாள்.

"வாங்க மாப்பிள்ளை."